அம்பு ஒட்டாத இடம்

திருப்பூர்
17.1.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சென்னிமலையான் புண்ணியத்தில் நான் சௌக்கியம். பொங்கலுக்கு நீங்கள் கொடுத்தனுப்பிய முருங்கைக்காயும் சௌக்கியம், இன்னும் நாலு மிச்சம் இருக்கிறது. மாமாவுக்கு முதுகுப் பிடிப்பு விட்டதா? பாப்பாவுக்குப் பல் விழுந்ததா, ஆடிக்கொண்டேதான் இருக்கிறதா?

போனில் சொல்லத் தைரியம் வராததால் கடிதம். போனில் சொன்னால் நீங்கள் "ம்" என்று ஒரே எழுத்தில் பதில் சொல்வீர்கள். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று நாலு நாள் எனக்குச் சோறு இறங்காது.

விஷயம் இதுதான். மெர்ச்சண்டைசர் வேலையை விட்டுவிட்டேன். படித்தது டிசைன், ஆறு வருடமாகச் செய்தது வெளிநாட்டுக்காரனுக்கு "சாம்பிள் நாளைக்கு வந்துவிடும்" என்று மெயில் போடுவது. போதும். குமார் நகரில் ஒரு பேக்கரிக்கு மேலே அறை பிடித்திருக்கிறேன். வெப்சைட் வடிவமைத்துக் கொடுக்கிறேன். ஆசை அதோடு நிற்கவில்லை, ஆர்ட் டைரக்டர் ஆக வேண்டும். சினிமாவுக்கு செட் போடுகிறவர் இல்லை அக்கா. ஒரு கம்பெனி ஊருக்கு முன்னால் எந்த முகத்தோடு நிற்க வேண்டும், என்ன படம், என்ன நிறம், என்ன எழுத்து என்று எல்லாவற்றையும் ஒரே கண்ணால் பார்த்து முடிவு சொல்கிற ஆள்.

அப்பாவிடம் சொன்னேன். "தீவாளி வரைக்கும் பாரு கண்ணு. ஆகலீன்னா பழைய சேர்லயே போயி உக்காந்துக்க" என்றார். ஆபீசிலும் அதையே சொல்லி என் நாற்காலியைக் காலியாக வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த நாற்காலிக்குத் திரும்பிப் போக இஷ்டமே இல்லை. தீபாவளிக்குள் ஒரு பெரிய வேலை கிடைத்தாக வேண்டும்.

நான் எனக்காகச் செய்த வெப்சைட்டின் முகவரி கீழே இருக்கிறது. பார்த்துவிட்டு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். நல்லதாக எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
ஜெயபாரதி


மூலனூர்
2.2.2024

பாரதி கண்ணுக்கு ஆசீர்வாதம்.

பாப்பாவுக்குப் பல் விழுந்துவிட்டது, கூரை மேல் எறிந்தாயிற்று. மாமாவுக்கு முதுகை விட்ட பிடிப்பு கழுத்துக்குப் போயிருக்கிறது. மற்றபடி முருங்கை மண்டியும் வீடும் நடக்கின்றன. நீ நேரத்துக்குச் சாப்பிடு, பேக்கரி பன்னையே தின்றுகொண்டிருக்காதே.

வேலையை விட்டதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. வெப்சைட்டை மாமா போனில் பார்த்தேன். நகர்ந்துகொண்டே இருக்கிற பொருளை எனக்குப் பார்க்கத் தெரியாது. பஸ் ஸ்டாண்டு பூபாலன் ஜெராக்ஸ் கடையில் கலரில் பிரிண்ட் போட்டேன். ஒன்பது தாள். "ஏனுங்க்கா, கேஸு கீஸு போடப் போறீங்களா?" என்று கேட்டான்.

கல்யாணத்துக்கு முன்னால் பதினோரு வருடம் சுப்பண்ணன் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றவள் நான். குறை கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் வேலை. விட்டு வந்தபோது என் பையில் தெரியாமல் வந்துவிட்ட அரை ரோல் பீரோவில் கிடந்தது. இன்னும் நன்றாகவே ஒட்டுகிறது.

பதினேழு அம்பு ஒட்டியிருக்கிறேன். மூன்றாம் தாளில் எழுத்து இடப்பக்கம் நெருங்கி, வலப்பக்கம் தள்ளி நிற்கிறது, இஞ்ச் டேப் வைத்து அளந்தேன். ஐந்தாம் தாளில் போலோ டி-ஷர்ட் போட்ட பையனுக்குப் பட்டன் பட்டி பெண்பிள்ளைகளுக்கு வருகிற பக்கம் இருக்கிறது. படத்தைத் திருப்பிப் போட்டாயா? ஏழாம் தாளில் இரண்டு பச்சை ஒரே பச்சை இல்லை. மற்றதை அம்பே சொல்லும்.

இதைப் பற்றிப் போனில் பேசாதே. வாயால் சொன்ன குறை குறையே இல்லை என்பது எங்கள் டேபிள் சட்டம். எழுத்தில் எழுது.

அக்கா,
சித்ராதேவி


திருப்பூர்
7.2.2024

மதிப்புக்குரிய செக்கிங் மேடம் அவர்களுக்கு,

நலம் விசாரிக்க இன்று மனமில்லை. இருந்தாலும் மாமா கழுத்து எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

பதினேழு! தாளைப் பிரித்ததும் அம்மை போட்ட மாதிரி இருந்தது. பட்டன் பட்டி சரி. பையன் முகம் எழுத்தைப் பார்க்கட்டும் என்று படத்தைத் திருப்பிப் போட்டேன், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு அப்படி நினைத்தது என் தப்பு. மொத்தம் பதினொன்றைத் திருத்திவிட்டேன். மீதி ஆறையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. நாலாம் தாளில் பாதிப் பக்கம் வெறுமையாக இருப்பது பிரிண்ட் விழாததால் இல்லை. பார்க்கிறவர் மூச்சு விடட்டும் என்று நானே விட்ட இடம் அது. எல்லாமே பனியன் இல்லை அக்கா.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது தாளிலும் என்னைப் பாராட்டி ஒரு வரி இருக்கிறதா என்று தேடினேன். பின்பக்கம்கூடத் திருப்பிப் பார்த்தேன். வருத்தமாக இருந்தது.

ஜெயபாரதி


மூலனூர்
20.3.2024

பாரதிக்கு,

எல்லோரும் நலம். மாமா கழுத்து நேராகிவிட்டது, உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். முருங்கை கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தள்ளுகிறது. நானும் மண்டியில் நிற்கிறேன், அதனால்தான் பதில் தாமதம். முழுக்க அதனால் இல்லை. என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை.

நீ தேடின வரியை எழுதி எனக்குப் பழக்கமில்லை. டேபிளில் நல்ல பீஸுக்கு நாங்கள் ஒன்றும் ஒட்டமாட்டோம். அது பேசாமல் அடுத்த டேபிளுக்குப் போய்விடும். அந்தத் தாள்களைத் தூக்கிப் போடாமல் இருந்தால் எடுத்துப் பார். அம்பு ஒட்டாத இடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்.

வெறும் இடத்தைப் பற்றி நீ சொன்னது சரி. அந்த ஒரு அம்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மற்ற ஐந்தும் நிற்கும்.

அக்கா


திருப்பூர்
12.6.2024

என் அருமை அக்காவுக்கு,

நான் ரொம்ப ரொம்ப நலம்! நீங்கள், மாமா, பாப்பா, பாப்பாவின் புதுப் பல் எல்லோரும் நலமா?

உங்கள் பதில் வந்து மூன்று மாதமாக நான் எழுதாததற்குக் காரணம், எழுத ஒன்றும் இல்லை. ஒரு பிரியாணிக் கடைக்கும் இரண்டு பல் டாக்டர்களுக்கும் வெப்சைட் செய்தேன். இப்போது இருக்கிறது விஷயம். சுப்பண்ணன் முதலாளி கூப்பிட்டார்! நீங்கள் நின்ற அதே கம்பெனி. இனிமேல் அடுத்தவன் பெயரில் தைத்து அனுப்புவதோடு நிற்காமல், சொந்தப் பெயரில் குழந்தைத் துணி கொண்டுவரப் போகிறாராம். வெப்சைட், படம் எல்லாவற்றுக்கும் ஒரு ஆர்ட் டைரக்டர் வேண்டுமாம். நானும் ஒரு பெங்களூர்க் கம்பெனியும் போட்டி. முடிவு தீபாவளிக்கு முன்னால்.

கூப்பிட்ட கதையைக் கேளுங்கள். அவர் கம்பெனியின் பழைய வெப்சைட்டை யாரோ பிரிண்ட் போட்டு, அறுபத்திரண்டு சிவப்பு அம்பு ஒட்டி, பெயர் போடாமல் தபாலில் அனுப்பியிருக்கிறார்கள். முதலாளி அந்தக் கவரை என் முன்னால் வைத்து, "யாருன்னு தெரியலீங்க அம்மணி. ஆனா ஒவ்வொண்ணும் நெசந்தானுங்க. இதப் பாத்தப்பறம்தான் வேலை கேட்டு நீங்க போட்ட மெயில் மூணையும் தேடிப் படிச்சனுங்க" என்றார். திருப்பூர் ஜில்லாவில் இஞ்ச் டேப் வைத்து வெப்சைட்டை அளக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் போலிருக்கிறது. உங்களுக்கு யாரையாவது தெரியுமா?

நான் காட்டிய சிவப்பு அவருக்குச் சந்தேகமாக இருந்தது. சாயம் சரியா என்று துணியை வைத்துப் பார்க்கிற லைட் பாக்ஸ் இருக்கிறதே, "அதுல வெச்சுப் பாத்துரலாமுங்க" என்று என் லேப்டாப்பையே தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்துவிட்டார். விளக்கை மாற்றி மாற்றிப் போட்டு, "கடை வெளிச்சத்துல ஒரு செவப்பு, பகல் வெளிச்சத்துல ஒரு செவப்புங்களே" என்றார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு! ஆனால் வீட்டுக்கு வந்து பார்த்தால் அவர் சொன்னது சரிதான். நிறத்தை மாற்றிவிட்டேன்.

அன்புத் தங்கை,
பாரதி


மூலனூர்
20.6.2024

பாரதி கண்ணுக்கு,

பாப்பாவின் புதுப் பல் கொஞ்சம் கோணல். நான் ஒன்றும் சொல்லவில்லை. மற்ற எல்லோரும் நலம். உன் கடிதத்தை மாமா இரண்டு தரம் சத்தமாகப் படித்தார்.

அம்பு ஒட்டி அனுப்பின ஆள் யாரென்று எனக்கு எப்படித் தெரியும்? வேலை இல்லாத யாராவது இருப்பார்கள். அதைத் தோண்டிக்கொண்டு இருக்காமல் உன் வேலையைப் பார்.

சுப்பண்ணன் முதலாளி கத்துவார், பயப்படாதே. கத்திவிட்டு அரை மணி நேரம் கழித்து வந்து, "நீங்க சொன்னதும் செரிதானுங்க" என்பார். அந்த அரை மணி நேரம் நீ வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். உனக்கு அதுதான் கஷ்டம்.

அக்கா


திருப்பூர்
28.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

காலில் சுளுக்கு, குரல் போய்விட்டது, மற்றபடி நலம். இரண்டுக்கும் காரணம் குழந்தைகள். மூலனூரில் ஆடிக் காற்று எப்படி? பாப்பாவுக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் நல்ல செய்தி. வெப்சைட் போனிலும் தெரிய வேண்டும், டேப்லெட்டிலும் தெரிய வேண்டும், லேப்டாப்பிலும் தெரிய வேண்டும். இதை முதலாளிக்கு எப்படி விளக்குவது என்று யோசித்து, மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்து, "சைஸ் செட்டுங்க" என்றேன். எல்லா அளவிலும் ஒவ்வொன்று தைத்து, துணி வாங்குகிற பையருக்குக் காட்டுவோமே, அது. மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. "எக்ஸ்எல் எங்கீங்க அம்மணி?" என்றார். ஹாலில் இருந்த பெரிய டிவியில் போட்டுக் காட்டினேன்.

இனி சண்டை. பெங்களூர்க்காரர்கள் வெள்ளைக்காரக் குழந்தைகளை வைத்துப் பளிச்சென்று படம் காட்டியிருக்கிறார்கள். நான் கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்துக்குப் போனேன். அங்கே தையல்காரர்களின் குழந்தைகள் எட்டு. ஒடிசாக் குழந்தை, திருநெல்வேலிக் குழந்தை, நம் ஊர்க் குழந்தை எல்லாம் உண்டு. அம்மாக்கள் பக்கத்தில் நிற்க, போட்டோகிராபரிடம் சொல்லிப் பருப்புச் சாதம் சாப்பிடுகிற நேரத்தில் எடுக்க வைத்தேன். ஒரு ஒடிசாப் பிள்ளை, ஒன்றரை வயது, புது வெள்ளைச் சட்டையில் நெஞ்சு முழுக்கப் பருப்பு. வாயெல்லாம் சிரிப்பு. அதைத்தான் முதல் பக்கத்தில் பெரிதாக வைத்திருக்கிறேன்.

முதலாளி எழுந்தே நின்றுவிட்டார். "கறை புடிச்ச பீஸ எவனாச்சும் காட்டுவானுங்களா? செக்கிங்குக்கு அனுப்புனா மொத்த லாட்டும் ரிஜெக்டுங்க!" நீங்கள் சொன்னபடி அரை மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. ஆனால் இந்தத் தடவை அவர் திரும்பி வந்து ஒன்றும் சொல்லவில்லை.

நான் மாற்றமாட்டேன் அக்கா. துணியைக் காட்ட வேண்டியது இல்லை, அதைப் போட்டுக்கொண்டு குழந்தை என்ன செய்கிறது என்பதைத்தான் காட்ட வேண்டும். இதற்காக வேலை போனால் போகட்டும் என்று எழுத ஆசைதான். போகக்கூடாது. அந்த நாற்காலி கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. தாள்களை இதோடு வைத்திருக்கிறேன். மற்றதை விடுங்கள், அந்தப் படத்தைப் பற்றி மட்டும் எழுதுங்கள். சீக்கிரம்.

பாரதி


திருப்பூர்
2.9.2024

அக்காவுக்கு,

நலமா? ஐந்து வாரம் ஆகிவிட்டது. போன் செய்தால் பாப்பா எடுத்து, "அம்மா வேலையா இருக்கறாங்க சித்தி" என்று வைத்துவிடுகிறாள். மாமா, "எனக்கு ஒண்ணும் தெரியாது கண்ணு" என்று கேட்பதற்கு முன்னாலேயே சொல்கிறார். படம் அவ்வளவு மோசமா? மோசம் என்றாவது ஒரு வரி எழுதக்கூடாதா?

பாரதி


மூலனூர்
9.9.2024

பாரதிக்கு,

இங்கே எல்லோரும் நலம். இரண்டு நாள் மழை பெய்தது. பாப்பா கோலப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கினாள்.

நீ கேட்டதைப் பற்றி இப்போது எழுதுவதற்கில்லை. ஏன் என்று கேட்காதே. உன் தாள்களைத் திறந்துகூடப் பார்க்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


திருப்பூர்
18.10.2024

என் உயிர் அக்காவுக்கு,

நலம், நலம், நலம். இதைக் கம்பெனி ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே எனக்கு ஒரு மேஜை போட்டிருக்கிறார்கள். கதவில் பெயர் ஒட்டியிருக்கிறது, ஜெயபாரதி, ஆர்ட் டைரக்டர். பழைய ஆபீசுக்குப் போன் செய்து அந்த நாற்காலியை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிவிட்டேன். அப்பா போனிலேயே அழுதுவிட்டார்.

முந்தாநாள் காலையில் முதலாளி கூப்பிட்டு இரண்டு பைலை மேஜையில் போட்டார். இரண்டிலும் சிவப்பு அம்பு. என்னுடையதில் ஒன்பது, பெங்களூர்க் கம்பெனியுடையதில் இரண்டே இரண்டு. என்னுடையதை இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தேன், ஒன்பதுதான். "பழைய கவர் ஞாபகம் இருக்குதுங்களா அம்மணி? அனுப்புனவங்க பேரப் போடுல. ஆனா ஒவ்வொரு தாள் மூலையிலயும் செக்கர் நம்பர் பதினாலுன்னு போட்டு உட்டுட்டாங்க. பழக்க தோசமுங்க" என்று சிரித்தார். பழைய ரிஜிஸ்டரைப் பார்த்து, பதினாலு என்றால் சித்ராதேவி, மூலனூருக்குக் கட்டிக் கொடுத்தது என்று கண்டுபிடித்திருக்கிறார். ஆகஸ்டில் இரண்டு பேர் வேலையையும் பெயர் எடுத்துவிட்டு உங்களுக்கே அனுப்பி, யாரிடமும் பேசக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். நாம் அக்கா தங்கை என்பது மட்டும் அவருக்கு அப்போது தெரியாது.

அந்த மௌனத்தைத் திட்டி நான் மனசுக்குள் எழுதின கடிதங்களை நீங்கள் படிக்காதது நல்லது.

செக்கிங் ரிப்போர்ட்டின் அடியில் பாஸா ரிஜெக்டா என்று எழுதுகிற கட்டத்தைக் காட்டினார். பெங்களூருக்கு "பாஸ்" என்று எழுதியிருந்தீர்கள். என்னுடையதில் கட்டம் காலி, பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தது இது: "இது என் தங்கை செய்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. குறைகளை ஒட்டிவிட்டேன். இந்தக் கட்டத்தை மட்டும் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்."

முதலாளி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மொதல்ல கோவந்தானுங்க வந்துது. அப்பறம் அந்தப் பருப்புப் படத்தப் பாத்தனுங்க. ஊசிமொனை எண்ணெய்க் கறையக்கூட உடாத கையிங்க அது. சுத்தியும் அம்பு ஒட்டியிருக்குது, அந்தக் கொழந்த நெஞ்சுல ஒண்ணுமே இல்லீங்க. தங்கச்சிக்காக உட்டிருந்தா ஒம்போதையுமே உட்டிருப்பாங்களே? அப்ப அவங்களுக்கு அது கறையாத் தெரியலீங்க. நானும் ஒரு வாரம் அதையே பாத்தனுங்க. பாக்கப் பாக்க எனக்கும் சிரிப்பு வந்துருச்சுங்க." பிறகு என் கண் எதிரிலேயே பேனாவை எடுத்து, நீங்கள் விட்ட கட்டத்தில் "பாஸ்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

ஒன்பது அம்பும் சரி. ஒன்பதையும் திருத்திவிட்டேன், இந்தத் தடவை வாதாடவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்தாக வேண்டும். அந்தப் படத்தில் ஏன் ஒட்டவில்லை? தங்கை என்று இல்லாவிட்டால் அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருப்பீர்கள்?

உங்கள் பாரதி


மூலனூர்
23.10.2024

ஆர்ட் டைரக்டர் ஜெயபாரதிக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

எல்லோரும் நலம். மாமா மட்டும் மண்டியில் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்து, தானும் ஏழெட்டுக் குடித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

நம்பர் போட்டது எனக்கே தெரியாது. கை போட்டிருக்கிறது. பழைய கவரை உனக்காகத்தான் அனுப்பினேனா என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பாதி உனக்காக. பாதி அந்தக் கம்பெனிக்காக, பதினோரு வருடம் நின்ற இடம் அப்படி ஒரு வெப்சைட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டாவது கவர் வந்தபோது வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் மறுபடியும் ஒரு கம்பெனி என்னைச் செக்கர் என்று கூப்பிட்டது. அந்த ஆசையை விடமுடியவில்லை. உனக்கு ஒரு வரி எழுதாமல் இருந்தது மட்டும் ரொம்பக் கஷ்டம்.

அந்தப் படத்துக்கு ஒட்டத்தான் போனேன். மூன்று தரம் அம்பை உரித்துப் பிள்ளையின் நெஞ்சு வரைக்கும் கொண்டுபோனேன். மூன்று தரமும் சிரிப்பு வந்துவிட்டது. கறையைப் பார்த்து நான் சிரித்தது இதுதான் முதல் தடவை. உரித்த அம்பை என்ன செய்வது என்று தெரியாமல் மாமா முதுகில் ஒட்டினேன். அவர் அதோடு மண்டிக்குப் போய்விட்டார்.

கட்டத்தைப் பற்றிக் கேட்டாய். அது இரண்டு விரல் அகலம். நான் எழுத வேண்டியது அதில் அடங்காது, சுப்பண்ணன் முதலாளி படிக்க வேண்டியதும் இல்லை. இங்கே இடம் இருக்கிறது, எழுதுகிறேன். பாரதி, உன்னை நினைத்தால் எனக்குத் திமிராக இருக்கிறது. அந்தப் பிள்ளையின் படத்தைப் பூபாலன் கடையில் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கைப்பையில் வைத்திருக்கிறேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் தப்ப முடியாது. "எந் தங்கச்சி பண்ணுனதுங்க" என்று காட்டுகிறேன். "அவங்களே போட்டோ புடிப்பாங்களா?" என்று கேட்கிறார்கள். "இல்லீங்க, அவ புடிக்கறதில்லீங்க. எங்க நிக்கோணும், எதப் பாக்கோணும்னு அவதான் சொல்லுவா. அப்பறம்தான் மத்தவங்க கண்ணுக்குத் தெரியுமுங்க" என்கிறேன். நேற்று ஒரு அம்மா அதைக் கேட்டுவிட்டு, படத்தை வாங்கி மடியில் வைத்துத் தாராபுரம் வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தார்.

தீபாவளிக்கு முதல் நாளே வந்துவிடு. இந்த ஒரு தடவை உன்னைக் கட்டிப்பிடித்து அழப்போகிறேன், கண்டுகொள்ளாதே.

அக்கா,
சித்ராதேவி